நாலு மணிக்கே இருட்டும் ஊரில் நாற்பது நாள் திருவிழா

சென்ற வாரம் வெளிநாட்டு வாடகை ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசினோம். அதன் தொடர்ச்சியை இந்த வாரம் எழுத நினைத்திருந்தேன். கரூரிலிருந்து ஓர் அம்மா அனுப்பிய கடிதம் அதைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டது.

அவருடைய மகள் அக்டோபரில் ஜெர்மனிக்கு முதுகலை படிக்கப் போனவள். நவம்பர் முடிவதற்குள் போனில் அவள் பேச்சு சுருங்கிவிட்டதாம். ஹாஸ்டலில் எல்லோரும் கிறிஸ்துமஸ் மார்க்கெட் என்று கிளம்புகிறார்கள், இவள் மட்டும் போவதில்லை. காசு செலவாகும், ஒயின் குடிக்கிற இடம், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்கிறாளாம். அம்மாவும் ஆமோதித்து, "போன இடத்தில் படிப்பை மட்டும் பார்" என்று சொல்லியிருக்கிறார். இப்போது, சொன்னது சரிதானா என்று கேட்கிறார்.

அம்மா, மகளைப் போகச் சொல்லுங்கள். காசு கரையாமல் போகலாம், குடிக்காமல் போகலாம், சாமியை மாற்றிக்கொள்ளாமலும் போகலாம். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் எல்லா வீட்டிலிருந்தும் ஆள் போகிற ஊர்க்காரர்கள் நாம். நமக்கு இது புதிதல்ல.

2023-24 குளிர்கால செமஸ்டர் கணக்குப்படி, ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியப் பிள்ளைகள்தான் முதலிடம். ஏறத்தாழ 49,500 பேர். அதனால் இந்தப் பதில் ஒரு வீட்டுக்கு மட்டுமானதல்ல.

முதலில் இருட்டைப் புரிந்துகொள்வோம்

டிசம்பர் 21-ந் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் அன்றைக்குப் பகல் பதினொரு மணி நேரத்துக்கு மேல். பெர்லினில் காலை எட்டேகால் மணிக்குத்தான் சூரியன் எழும், மாலை நாலு மணிக்குள் போய்விடும். பகல் ஏழே முக்கால் மணி நேரம்கூட இல்லை. அதிலும் பாதி நாட்கள் மேகமூட்டம். காலையில் இருட்டில் வகுப்புக்குப் போய், இருட்டில் அறைக்குத் திரும்புகிற பிள்ளைக்கு மனசு கனப்பது இயல்பு. அது சோம்பேறித்தனமும் இல்லை, 'ஹோம் சிக்' என்ற ஒரே வார்த்தையில் அடங்குவதும் இல்லை.

அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களையும் இந்த இருட்டு படுத்தும். அதைத் தாண்ட அவர்கள் கண்டுபிடித்த வழிதான் டிசம்பர் முழுக்க வரிசையாக வரும் சின்னச் சின்னக் கொண்டாட்டங்கள். 1839-ல் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நச்சரித்த குழந்தைகளுக்காக ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவத்திகளைப் பொருத்தினார். வார நாட்களுக்குச் சின்ன வத்தி, ஞாயிறுகளுக்குப் பெரிய வத்தி. தினம் ஒன்றாக ஏற்றி நாளை எண்ணினார்கள். அதுதான் சுருங்கி, இன்று வீட்டுக்கு வீடு மேசைமேல் இருக்கும் நாலு மெழுகுவத்தி 'அட்வென்ட்' வளையம். இருட்டை எண்ணி எண்ணிக் கடக்கிற வித்தை அது. நம் பிள்ளைகளும் அந்த எண்ணிக்கையில் சேர்ந்துகொள்ளலாம்.

பத்து யூரோவில் ஒரு மாலை

கிறிஸ்துமஸுக்கு நாலு ஞாயிறு முன்பு அட்வென்ட் தொடங்கும். அதை ஒட்டி ஊர்ச் சதுக்கங்களில் சந்தை கூடும். டிரெஸ்டனின் ஷ்ட்ரீட்ஸல் சந்தை 1434-ல் தொடங்கியது. நியூரம்பெர்க் சந்தை உலகப் புகழ் பெற்றது. ஆனால் ரயிலேறி அங்கேதான் போக வேண்டும் என்றில்லை. சின்ன ஊர்ச் சந்தையில் கூட்டமும் குறைவு, விலையும் குறைவு. பெரும்பாலான சந்தைகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. விளக்குகளைப் பார்ப்பதற்கும், சதுக்கத்தில் பாடும் குழுவைக் கேட்பதற்கும் காசில்லை.

அங்கே சூடான மசாலா ஒயின்தான் பிரபலம். ஆனால் அதன் பக்கத்திலேயே 'கிண்டர்புன்ஷ்' என்று ஒன்று விற்பார்கள். பழச்சாறில் பட்டை, கிராம்பு போட்டுக் கொதிக்கவைத்தது, மது துளியும் கிடையாது. பெயரே 'குழந்தைகள் பானம்' என்றாலும் பெரியவர்களும் கூச்சமில்லாமல் வாங்கிக் குடிப்பார்கள். கோப்பைக்கு முன்பணமாகச் சில யூரோ சேர்த்து வாங்குவார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்கு எடுத்துப் போனால் அந்தக் காசு போனதுதான்.

சாப்பாட்டில் சைவத்துக்கும் வழி உண்டு. உருளைக்கிழங்கைத் துருவி எண்ணெயில் பொரித்த அடை, தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ். சில கடைகளில் முட்டை சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ள வேண்டும். வறுத்த பாதாம் மேல் சர்க்கரைப் பாகு ஏற்றியது ஒரு பொட்டலம் வாங்கினால், மூன்று பேர் கொறிக்கலாம். ஜெல்லி மிட்டாய்களில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு கோப்பை பானம், ஓர் அடை என்று பத்து யூரோ எடுத்து வைத்தால் ஏறக்குறைய ஒரு மாலைக்குப் போதும். வாரம் ஒன்று என்றால்கூட மாதச் செலவு மலைக்கவைக்காது.

உடையில் முக்கியம் கோட்டு அல்ல, கால். கல் பாவிய சதுக்கத்தில் இரண்டு மணி நேரம் நிற்கும்போது குளிர் கீழிருந்துதான் ஏறும். கம்பளிக் காலுறையும் தடித்த அடிப்பாகம் உள்ள ஷூவும் வேண்டும்.

பிள்ளைகள் குறித்துவைக்க வேண்டிய நாட்கள்

டிசம்பர் 5 இரவு: ஷூவைத் துடைத்து அறை வாசலில் வைப்பார்கள். மறுநாள் நிக்கோலாஸ் தினம். ஹாஸ்டல் தோழர்கள் அதில் ஆரஞ்சு, கடலை, சாக்லேட் போட்டுவைப்பார்கள். நம் பிள்ளையும் பக்கத்து அறை ஷூக்களில் ஒரு கடலை மிட்டாய் போடட்டும். மொழியே தெரியாமல் சம்பாதிக்கக்கூடிய நட்பு அது.

டிசம்பர் 24: மிக முக்கியமான நாள், மிகக் கடினமான நாளும். கடைகள் மதியம் இரண்டு மணி வாக்கில் மூடிவிடும். 25, 26 இரண்டும் அரசு விடுமுறை. பக்கத்தில் ஞாயிறும் சேர்ந்தால் இன்னும் ஒரு நாள். பால், தயிர், காய்கறி, மாத்திரை எல்லாம் 23-ந் தேதியே அறைக்கு வந்துவிட வேண்டும். அவசரத்துக்குப் பெரிய ரயில் நிலையங்களில் சில கடைகள் திறந்திருக்கும்.

அன்றைய மாலை, ஊரே வீட்டுக்குள் போய்விடும். நம் தீபாவளி போலத் தெருவில் சத்தம் இருக்காது. சந்தைகளும் பெரும்பாலும் 23, 24 தேதிகளில் மூட்டை கட்டிவிடும். ஹாஸ்டலில் இருந்த ஜெர்மன் பிள்ளைகள் ஊருக்குப் போயிருப்பார்கள். நாற்பது அறை கொண்ட தளத்தில் நாலு விளக்குதான் எரியும். 'எல்லோரும் கொண்டாடுகிறார்கள், நான் மட்டும்' என்கிற எண்ணம் குத்துவது அந்த மாலையில்தான்.

அதனால் அந்த மாலைக்கான திட்டம் டிசம்பர் முதல் வாரத்திலேயே முடிவாக வேண்டும். சில பல்கலைக்கழக நகரங்களில் வெளிநாட்டு மாணவர்களை உள்ளூர்க் குடும்பங்கள் விருந்துக்கு அழைக்கும் ஏற்பாடு இருக்கிறது. மாணவர் அமைப்புகளும் தேவாலயங்களும்கூடப் பொது விருந்து வைப்பதுண்டு. பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் நேராகப் போய்க் கேட்கலாம். எதுவும் அமையவில்லையா? அந்த நாலு விளக்குக்காரர்களும் சேர்ந்து சமைக்கட்டும். ஒரு சைனா, ஒரு துருக்கி, ஒரு மெக்ஸிகோ, ஒரு கரூர். அதைவிட நல்ல கிறிஸ்துமஸ் விருந்து எது?

யாராவது வீட்டுக்கு அழைத்தால் சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும், பத்து நிமிடம் முந்தியும் வேண்டாம். ஒரு பொட்டலம் முறுக்கோ அதிரசமோ கையில் இருக்கட்டும். என்ன சாப்பிட மாட்டேன் என்பதை அழைப்பை ஏற்கும்போதே சொல்லிவிட வேண்டும். பெரிய விருந்தாக இருக்குமோ என்று மிரள வேண்டாம். அன்றிரவு பல வீடுகளில் உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும்தான்.

டிசம்பர் 31: வருடக் கடைசி சில நாட்களில் மட்டும் பட்டாசு விற்பார்கள், நள்ளிரவில் ஊரே வெடிக்கும். அதற்கு முன்பு டிவியில் 'டின்னர் ஃபார் ஒன்' ஓடும். 1963-ல் படமாக்கிய ஆங்கில நகைச்சுவை நாடகம். ஒரு மூதாட்டியின் தொண்ணூறாவது பிறந்தநாள் விருந்து. வராத நாலு நண்பர்களுக்கும் பதிலாகப் பணியாளரே குடித்துத் தள்ளாடுவார். ஜெர்மன்காரர்கள் வருடா வருடம் அதே இடத்தில் சிரிப்பார்கள். கூட உட்கார்ந்து சிரித்தாலே நாமும் அந்த வீட்டு ஆள்.

பிப்ரவரி, மார்ச் வாக்கில் கொலோன் பக்கம் கார்னிவல். திங்கட்கிழமை ஊர்வலத்தில் வண்டிகளிலிருந்து மிட்டாயை அள்ளி வீசுவார்கள். 'கமெல்லே' என்று கத்தினால் நம் பக்கமும் விழும். பை கொண்டுபோவது நல்லது.

"நமக்கென்ன சம்பந்தம்?"

இந்தக் கேள்விக்கு 2019-ல் நியூரம்பெர்க் நகரம் ஒரு பதில் சொன்னது. அந்த ஊர்ச் சந்தையைத் தேவாலய மாடத்தில் நின்று திறந்துவைக்க, பொன்னிற முடியும் கிரீடமும் அணிந்த 'கிறிஸ்ட்கிண்ட்' என்ற வேடத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த வருடம் தேர்வானவர் பெனிக்னா முன்சி, வயது 17. அப்பா இந்திய வம்சாவளி. ஓர் அரசியல் கட்சியின் உள்ளூர்க் கிளை அவர் தோற்றத்தைக் கிண்டலடித்துப் பதிவு போட்டது. நகரமும் நாட்டின் பெரும்பகுதியும் அந்தப் பெண்ணின் பக்கம் நின்றன. அவர் மாடத்தில் ஏறினார், சந்தையைத் திறந்துவைத்தார்.

அங்கே எல்லோரும் நம்மை அணைத்துக்கொள்வார்கள் என்று சொல்ல வரவில்லை. முகம் சுளிப்பவர் இருப்பார், இடம் விடுபவரும் இருப்பார். இரண்டாவது வகை ஆட்களைச் சந்திக்கவாவது அறைக் கதவைத் திறந்து வெளியே வர வேண்டும் இல்லையா?

பெற்றோருக்கு மூன்று வார்த்தை

ஒன்று, நேரம். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். 24-ந் தேதி ஒருநாள் மட்டும் தூக்கத்தைத் தள்ளிப்போட்டு, நம் நேரம் இரவு பத்தரைக்குக் கூப்பிடுங்கள். அங்கே மாலை ஆறு. தனிமை கடிக்கிற நேரம் அதுதான்.

இரண்டு, கவனிப்பு. மார்கழியில் நீங்கள் கோலம் போட எழும் 4.30 மணிக்கு அங்கே சரியாக நள்ளிரவு. அந்த நேரத்தில் பிள்ளை தினமும் வாட்ஸ்அப்பில் விழித்திருந்தால், தூக்கம் கெட்டிருக்கிறது என்று பொருள். பகலெல்லாம் தூங்குவது, சமைக்காமல் விடுவது, வகுப்பைத் தவிர்ப்பது எல்லாம் சேர்ந்தால் அதட்ட வேண்டாம். உதவி தேடச் சொல்லுங்கள். மாணவர் நல அமைப்புகளில் மனநல ஆலோசனை கிடைக்கும். ஜெர்மனிக்குள் 0800 1110111 என்ற எண் 24 மணி நேரமும் இயங்கும், கட்டணமில்லை, பெயர் சொல்லத் தேவையில்லை.

மூன்று, கேள்வி. "எவ்வளவு செலவாச்சு?" என்பதற்கு முன்னால், "யாரோட போனே? என்ன பார்த்தே?" என்று கேளுங்கள். பதில் நீளமாக வரும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வேலை. டிசம்பர் முழுக்க அடுத்தவர் விளக்கில் குளிர் காய்ந்தாயிற்று. ஜனவரி நடுவில் நம் முறை. ஹாஸ்டல் பொதுச் சமையலறையில் பொங்கல் வையுங்கள். தீ அலாரம் அலறிவிடாதபடி ஜன்னலைத் திறந்துவைத்து, பால் பொங்கும்போது எல்லோரையும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தச் சொல்லுங்கள். உங்களுக்கு ஷூவில் சாக்லேட் போட்டவர், 24-ந் தேதி சோறு போட்டவர், எல்லோரையும் கூப்பிடுங்கள். சூரியனுக்கு நன்றி சொல்லும் பண்டிகை என்று விளக்கினால் போதும். ஜனவரியில் ஜெர்மன்காரர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

அடுத்த வாரம், தள்ளிவைத்த வாடகை முன்பண விவகாரம்.