நகையை அடகு வைத்து அடுப்படி கட்ட வேண்டாம்

குளத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சென்னைக் கொளத்தூர் இல்லை, புதுக்கோட்டை மாவட்டத்துக் குளத்தூர். அம்மா தவறி ஒரு வருடம் ஆகிறது. அண்ணனும் தம்பியும் வெளியூரில். பூட்டிக் கிடக்கும் வீட்டை விற்றுவிடலாம் என்று மூவரும் பேசி முடித்துவிட்டார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். “பழைய அடுப்படியை இடித்துவிட்டு மாடுலர் கிச்சன் போட்டால் விலை ஏறும், இரண்டரை லட்சம் ஆகும், உன் வளையலை அடகு வை, விற்றதும் மீட்டுக்கொள்ளலாம் என்கிறார் அண்ணன். வைக்கலாமா?”

வேண்டாம் அம்மா. வளையல் கையிலேயே இருக்கட்டும்.

கிராமத்து வீட்டின் விலையைத் தீர்மானிப்பது சென்ட் என்ன விலை, முன்னால் எத்தனை அடி ரோடு, தண்ணீர் எப்படி, பட்டா யார் பெயரில் என்பதெல்லாம்தான். சமையலறை அதை ஏற்றாது. ஆனால் குறைக்கும். வீடு பார்க்க வருபவர் வாசலில் நின்று பேசும்போது தயங்கித்தான் பேசுவார். கரி படிந்த சுவரையும் சொட்டும் குழாயையும் பார்த்த பிறகு அவர் குரல் மாறும். “இதையெல்லாம் நாங்கதானே சரி பண்ணணும்” என்று ஆரம்பித்து லட்சக்கணக்கில் இறக்குவார். அவரையும் குறை சொல்ல முடியாது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 2023இல் குறைத்த பிறகும் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இருபது லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் அதற்கே 1,80,000 ரூபாய் அவர் கையிலிருந்து போகிறது. எங்கே குறைக்கலாம் என்றுதான் பார்ப்பார். நாம் செய்ய வேண்டியது அந்தப் பிடியை அவருக்குக் கொடுக்காமல் இருப்பது. அதற்குக் கொத்தனார், பெயின்டர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் என்று சில நாள் கூலி போதும்.

இன்னொன்று, நீங்கள் ஆசையாகப் போடும் பச்சை நிற அலமாரி வாங்குபவருக்குப் பிடிக்க வேண்டுமே! பிடிக்காவிட்டால் அதை உடைக்கிற செலவையும் சேர்த்துத்தான் பேரம் பேசுவார். பூட்டிய வீட்டில் பிளைவுட்டைக் கரையான் என்ன செய்யும் என்பது வேறு கதை.

முதலில் மூக்கு. பூட்டிக் கிடந்த வீட்டில் சாக்கடை வாடை வரும். தொட்டிக்கு அடியில் வளைந்த குழாய் இருக்கிறதல்லவா, அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் வாடையையும் கரப்பானையும் மேலே வரவிடாமல் தடுக்கிறது. மாதக்கணக்கில் புழங்காவிட்டால் அது வற்றிவிடும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாலே பாதி வாடை போய்விடும். பழைய அங்கணமாக இருந்தால், வெளியே போகிற துவாரத்துக்கு ஒரு சல்லடை வையுங்கள், பெருச்சாளிக்காக. ரூம் ஸ்பிரே மட்டும் அடிக்காதீர்கள். எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். ஜன்னலை இரண்டு நாள் திறந்து வைப்பதே போதும்.

அடுத்தது கரி. அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கியது 2007இல். அதுவரை விறகில்தான் பல வீடுகளில் உலை கொதித்தது. அந்தப் புகை மேல்சுவரிலும் ஓட்டுச் சட்டத்திலும் இன்னும் இருக்கும். அதன் மேலேயே சுண்ணாம்போ டிஸ்டம்பரோ அடித்தால் ஒரே வாரத்தில் மஞ்சளாக ஊறி வெளியே வரும். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் வண்ணம் பிடிக்கவும் பிடிக்காது. வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, கையுறை போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிரைமர் அடித்த பிறகுதான் வெள்ளை. பெயின்டர் அவசரப்படுவார். விடாதீர்கள்.

இங்கேதான் ஆசிட் பாட்டிலைத் தூக்குகிறவர்களைப் பார்க்கிறேன். மேடை கடப்பாக் கல்லா? அது சுண்ணாம்புக் கல் வகை. ஆசிட் மட்டுமல்ல, எலுமிச்சைச் சாறுகூட அதை அரித்து வெளுத்த தடம் விடும். சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பழைய கறுப்பு திரும்ப வரும். ஆத்தங்குடிக் கல்லும் சிமென்ட் தரையும் அப்படியே, ஆசிட் ஆகாது. எலுமிச்சையை ஸ்டீல் குழாயில் படிந்த உப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட்டை ஊற்றவே ஊற்றாதீர்கள். கிளம்புவது விஷவாயு. மூடிய அடுப்படியில் உயிருக்கே ஆபத்து.

மின்சாரத்தையும் கவனியுங்கள். 2011இல் இலவச மிக்சியும் கிரைண்டரும் வந்தபோது, ஒரே பிளக் இருந்த அடுப்படிகளில் எக்ஸ்டென்ஷன் பெட்டிகள் தொங்கத் தொடங்கின. இன்றும் தொங்குகின்றன. கருகிய ஸ்விட்சை மாற்றி, தொங்கும் ஒயரைச் சுவரோடு அடித்து, மங்கிய பல்புக்குப் பதிலாக ஒரு நல்ல எல்.இ.டி. விளக்கு போடுங்கள். இருட்டான அடுப்படி சின்னதாகத் தெரியும்.

வருகிறவர்களில் பெண்கள் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்கள். போர்த் தண்ணீரா, நல்ல தண்ணீர் எந்தக் கிழமை வருகிறது, எவ்வளவு நேரம் என்று கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். பொய் சொன்னால் பக்கத்து வீட்டில் விசாரித்துவிடுவார்கள்.

வாஸ்து பார்க்கிறவர் போனில் திசைகாட்டியைத் திறந்துகொண்டே வருவார். அக்னி மூலையில் அடுப்படி இல்லையே என்று அதற்காகச் சுவரை இடிக்க வேண்டாம். கிழக்கே பார்த்து நின்று சமைக்கும்படி அடுப்பைத் திருப்பி வைக்க முடிந்தால் வையுங்கள். அதற்கு மேல் அவர் பாடு.

பரணுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள், “அம்மாவின் பாத்திரங்கள் நிறைய இருக்கின்றன” என்று. இந்த வேலையில் நாள் பிடிப்பது இதுதான். பரண் காலியாக இருந்தால்தான் அடுப்படி பெரிதாகத் தெரியும், உண்மை. அதற்காக வீடு பார்க்க ஆள் வருகிற முந்தின நாள் பழைய பாத்திரக்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பித்தளை அண்டாவும் வெண்கலப் பானையும் எடையில் போகிற பொருள்கள் இல்லை. காரைக்குடியில் பழம்பொருள் கடைகளில் இவற்றுக்கு என்ன கேட்கிறார்கள் என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒவ்வொன்றையும் திருப்பி விளிம்பைப் பாருங்கள். சீராக வந்ததென்றால் பெயர் வெட்டியிருக்கும், அம்மாவின் பெயரோ, அம்மாச்சியின் பெயரோ. பெயர் உள்ளதைத் தனியாக வையுங்கள். அண்ணனும் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டும். யாருக்கு எது என்று மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பிரித்துக்கொள்ளுங்கள். அண்ணிமார்களை வைத்துக்கொண்டா, வைத்துக்கொள்ளாமலா என்பதை நான் சொல்ல மாட்டேன்.

அம்மியையும் ஆட்டுக்கல்லையும் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். தூக்கிப்போக இடமில்லையென்றால் கழுவிக் கொல்லையில் ஓரமாக வையுங்கள். வாங்குகிறவர் கேட்டால் கொடுத்துவிடலாம். சுவரில் மாட்டிய சாமி படங்களை மட்டும் ஆள் வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். நாளை அந்த இடத்தில் பால் காய்ச்சப் போகிறவர்களுக்குத் தங்கள் சாமியை எங்கே வைப்பது என்று யோசிக்க இடம் வேண்டும்.

கேஸ் இணைப்பு வீட்டோடு விலை போகாது. அம்மா பெயரில் இருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றலாம், அல்லது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்கலாம். ரசீதைத் தேடி எடுங்கள். பெரும்பாலும் அதுவும் அடுப்படியில், ஏதோ ஒரு டப்பாவுக்குள்தான் இருக்கும்.

எவ்வளவு தேய்த்தாலும் வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் பத்திரம் நகராது. மகள் என்ற முறையில் உங்கள் கையெழுத்தும் அதில் வேண்டும், இதை அண்ணனிடம் மெதுவாக ஞாபகப்படுத்துங்கள். குளத்தூர் தாலுகா என்றுதான் பெயர், தாலுகா ஆபீஸ் இருப்பது கீரனூரில். மனுவை இ-சேவை மையத்திலேயே கொடுக்கலாம். பெயின்டர் வேலை தொடங்குகிற வாரமே அதையும் கொடுத்துவிடுங்கள்.