பதிமூன்றாம் நம்பர் பக்தி

பழைய ஆர்ச்டாப் கிதாருக்கு என்ன கம்பி போடலாம் என்று விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். கிதாரை எந்த ஊரில் செய்தார்கள், மேல்பலகை எப்படி இருக்கிறது, நீங்கள் என்ன வாசிப்பீர்கள் என்று எதையுமே விசாரிக்க மாட்டார். "பதிமூணுக்குக் கீழே போடாதீங்க. ஃப்ரெடி கிரீன் லைட் ஸ்ட்ரிங்கா போட்டு வாசிச்சார்?" என்பார். அத்தோடு ஆலோசனை முடிந்தது. இதுக்குப் பேர் பக்தி. கம்பித் தேர்வு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

பதிமூணு என்பது முதல் கம்பியின் தடிமன், 0.013 அங்குலம். அந்த செட்டின் ஆறாவது கம்பி பெரும்பாலும் 0.056 இருக்கும். ஆர்ச்டாப் பார்த்திராதவர்களுக்கு: வயலினைப் பெரிதாக்கிக் கிதாராக மாற்றியது போல ஒரு வாத்தியம். வளைந்த மேல்பலகை, இரண்டு பக்கமும் எஃப் வடிவத் துளைகள். பிரிட்ஜை ஒட்டியிருக்க மாட்டார்கள். கம்பிகள் அதன்மேல் ஏறி இறங்கி, கீழ்முனையில் இருக்கும் டெயில்பீஸில் மாட்டிக்கொள்ளும். அந்த அழுத்தத்தில்தான் பிரிட்ஜ் நிற்கிறது. 1920களின் தொடக்கத்தில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில், கிப்சன் தொழிற்சாலையில் லாய்ட் லோர் காலத்தில் உருவான எல்-5 மாடல்தான் இந்த வகைக்கே முன்மாதிரி. அப்போது கிதாருக்கு ஆம்ப்ளிஃபயர் கிடையாது. பக்கத்தில் ட்ரம்பெட், ட்ரோம்போன், சாக்ஸபோன் என்று ஒரு படையே ஊதும். அதற்கு நடுவே கிதார் கேட்க வேண்டுமென்றால் தடித்த கம்பிதான் வழி. தடித்த கம்பி தேவையிலிருந்து வந்தது. அதைத் தத்துவமாக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

தத்துவத்தின் எடையைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். இன்ஜினியரிங் முதல் வருஷக் கணக்குதான், பயப்பட வேண்டாம். பதிமூணு செட்டை முழுசாக சுருதி ஏற்றினால் மொத்த இழுவிசை சுமார் 84 கிலோ. பன்னிரண்டு செட் என்றால் சுமார் 73. பிரிட்ஜின் மேல் கம்பி மடியும் கோணம் 10 முதல் 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால், பதிமூணு செட் மேல்பலகையை 15 முதல் 22 கிலோ வரை கீழே அழுத்துகிறது. கிட்டத்தட்ட முக்கால் சிப்பம் அரிசி. சில மில்லிமீட்டர் கனமுள்ள, எழுபது எண்பது வயதான மரத்தின்மேல், ராத்திரி பகலாக. நல்ல ஸ்ப்ரூஸ் மரத்தைச் செதுக்கி வளைத்த பலகை, உள்ளே தாங்கு கட்டைகளின் ஒட்டு விடாமல் இருந்தால், இதைத் தாங்கும். தாங்கத்தான் செய்தார்கள். உங்களிடம் இருப்பது அதுதானா என்பதே கேள்வி.

பெரும்பாலும் இருக்காது. பழைய எல்-5, நியூயார்க்கின் ஜான் டி'ஆஞ்சலிகோ கையால் செய்த கிதார் எல்லாம் கார் விலை. நம்மைப் போன்றவர்கள் கைக்கு வருவது சிகாகோவின் ஹார்மனி, கே போன்ற கம்பெனிகள் மொத்தமாகச் செய்து தள்ளிய சாதாரண ஆர்ச்டாப்கள். சியர்ஸ் கேட்லாக்கைப் பார்த்துத் தபாலில் வரவழைத்தவை. இவற்றில் பலவற்றின் மேல்பலகை செதுக்கியது கிடையாது, அழுத்தி வளைத்தது. பலவற்றின் நெக்கில் திருகிச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் இல்லை, உள்ளே ஓர் இரும்புப் பட்டை மட்டும். நெக் ஒருமுறை முன்னோக்கி வளைந்துவிட்டால் ஸ்பானர் போட்டு நிமிர்த்த வழியில்லை. எல்-5க்குச் சொன்ன மருந்தை இதற்குக் கொடுப்பவரை எப்படி நிபுணர் என்பது?

என் தோழி ஒருத்தி அப்படியொரு கிதார் வைத்திருந்தாள். பகலெல்லாம் கீபோர்டில் கோடு அடித்து மணிக்கட்டு ஏற்கெனவே புண்ணாகியிருந்தவள். பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் அவளைக் கேட்காமலேயே பதினாலு செட் போட்டு, "இப்பதான் இது ஆர்ச்டாப்" என்று கையில் கொடுத்தார்கள். வலிக்கிறது என்றதற்கு, "விரல் காய்ச்சிப் போகட்டும்மா, பழகிடும்" என்றார்களாம். அடுத்த கோடைக்குள் பிரிட்ஜுக்குக் கீழே பலகை கண்ணுக்குத் தெரியும் அளவு குழிந்துவிட்டது. கம்பி மட்டும்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஏற்கெனவே உள்ளே ஏதாவது தளர்ந்திருக்கலாம். ஆனால் கம்பி போடுவதற்கு முன்னால் உள்ளே ஒரு சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகுமா? அவள் இப்போது வாசிப்பதில்லை. விரல் தேய்வதை வீரமாகப் பேசும் இந்த மீசை முறுக்கல் எத்தனை பேரை வாத்தியத்தை விட்டே விரட்டியிருக்கும் என்று யோசிக்கிறேன்.

ஃப்ரெடி கிரீனிடம் வருவோம். 1937இல் கவுன்ட் பேஸி குழுவில் சேர்ந்து, 1987இல் இறக்கும்வரை அங்கேயே தாளம் வாசித்தவர். கம்பியை மிக உயரமாக வைத்து, ஆம்ப்ளிஃபயர் இல்லாமல். ஆனால் பதிவுகளைக் கவனித்துக் கேளுங்கள். ஆறு கம்பியும் முழங்காது. பல இடங்களில் கார்டின் ஒன்றிரண்டு ஸ்வரம் மட்டும்தான் ஒலிக்கும், மற்றதை விரலால் அமுக்கிவிடுவார். அந்த ஒலி அவருடைய இடது கையின் சிக்கனம். அந்தக் கையை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

அடுத்த வாதம்: "அசல் சத்தம் வேணும்னா அசல் கம்பி போடணும்." சரி, எது அசல்? 1930களில் கிப்சன் தன் பெயரிலேயே மோனா-ஸ்டீல் என்ற கம்பியை விற்றது. மோனல் என்பது மூன்றில் இரண்டு பங்கு நிக்கலும் மீதி பெரும்பாலும் செம்பும் சேர்ந்த உலோகக் கலவை. இன்று பாரம்பரியம் என்று நீட்டப்படும் பாஸ்பர் பிரான்ஸ் கம்பியை டடாரியோ நிறுவனம் அறிமுகப்படுத்தியது 1974இல். இளையராஜா சினிமாவுக்கு வருவதற்கு இரண்டு வருஷம் முன்புதான்! எயிட்டி-ட்வென்டி பிரான்ஸ் என்பது இன்னும் வேடிக்கை. எண்பது பங்கு செம்பு, இருபது பங்கு துத்தநாகம். பெயர்தான் வெண்கலம், உள்ளே இருப்பது பித்தளை. நம்மூர் பாத்திரக் கடையில் இப்படி விற்றால் சண்டை வரும்.

இதில் எதுவும் கெட்ட கம்பி இல்லை. பிக்கப் இல்லாத, ஆரோக்கியமான ஆர்ச்டாப்பை ஹாலில் நாலு பேருக்கு வாசித்துக் காட்ட பித்தளை பிரமாதமாகப் பளீரிடும். பலகையும் நெக்கும் நன்றாக இருந்து, ஸ்விங் தாளம்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் பதிமூணையே போடுங்கள், நானே மாட்டித் தருகிறேன். ஆனால் காந்தப் பிக்கப் இருந்தால் கதை வேறு. வெண்கலமும் பித்தளையும் காந்தத்துக்கு மசியாது. பிக்கப்புக்குத் தெரிவது உள்ளே ஓடும் எஃகு மட்டும். அதனால் சுற்றுக்கம்பிகள் முனகும், சுற்று இல்லாத முதல் இரண்டும் கத்தும். 1936இல் கிப்சன் ஈஎஸ்-150 வந்து, அதைச் சார்லி கிறிஸ்டியன் கையில் எடுத்தபிறகு, சத்தத்துக்காகத் தடித்த கம்பி என்ற நிர்ப்பந்தமே தளர்ந்துவிட்டது. பக்தர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

இவர்கள் பேச வேண்டிய, ஆனால் பேசாத விஷயம் மூன்றாவது கம்பி. பழைய ஆர்ச்டாப்பின் மரச் சாடிலில் வெட்டியிருக்கும் படிகளைப் பாருங்கள். மூன்றாவது கம்பி சுற்றுக்கம்பியாக இருக்கும் என்று நம்பி வெட்டியவை அவை. சாதாரண எலெக்ட்ரிக் செட் வாங்கி மாட்டினால் மூன்றாவது வெறும் கம்பியாக வரும். மேலே ஃப்ரெட்டுகளில் அழுத்த அழுத்த சுருதி ஏறிக்கொண்டே போகும். "பழசுன்னா அப்படித்தான்" என்று கிதார் மேல் பழியைப் போடுவார்கள். பதினொன்றோ பதின்மூன்றோ, பெட்டியின் மேல் மூன்றாவது சுற்றுக்கம்பியா என்று பார்த்து வாங்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

வேலைக்காகச் சிகாகோவில் இருந்தபோது நான் வாங்கிய ஹார்மனியில் இப்போது பன்னிரண்டு செட், நிக்கல் சுற்று. சென்னைக் காற்றில் மூன்று வாரத்தில் முதல் இரண்டு கம்பியிலும் துரு தொட்டுவிடுகிறது. அடுத்த தடவை பதினொன்று போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.