கம்மலைக் கழற்றிவிட்டு வருகிறார்கள், ஐயா

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு உங்கள் அலுவலக வாசலில் மனு எழுதித் தருகிற ஆட்களில் நானும் ஒருவன். அரசு மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் நடத்தி ஓய்வு பெற்றவன். எழுதுவதற்குக் காசு வாங்குவதில்லை. அதனால் என் பக்கம் கூட்டம் சற்று அதிகம். மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை கிடைக்கவில்லை என்று மனு எழுதி வாங்கிக்கொண்டு உள்ளே வந்த ஒரு பெண்ணிடம் போன கூட்டத்தில் நீங்கள் கேட்ட கேள்வியைப் பற்றித்தான் இந்த மடல்.

"ஏம்மா, கையில இவ்வளவு பெரிய போன் வச்சிருக்கீங்க. உங்களுக்கு எதுக்கு ஆயிரம் ரூபாய்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டீர்கள். கடிந்துகொள்ளவில்லை. மனுவையும் வாங்கிப் பக்கத்திலிருந்த அலுவலரிடம் கொடுத்தீர்கள். ஆனால் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தப் பெண் போனை முந்தானைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தார். "இதை உங்ககிட்ட குடுத்துட்டு உள்ள போயிருக்கணும் சார், எனக்குத்தான் புத்தியில்ல" என்றார்.

அந்த போன் மகன் வாங்கித் தந்தது, அதுவும் மாதத் தவணையில் என்றெல்லாம் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்தலாம். சொல்லப்போவதில்லை. அவரே கடைக்குப் போய், பிடித்த நிறம் பார்த்து, முழுப் பணமும் கொடுத்து வாங்கியிருந்தாலும் நான் எழுதியிருக்கப்போவது இதைத்தான்: அந்தக் கேள்விக்கு விதியில் இடமில்லை.

விதிகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நன்செய் 5 ஏக்கருக்கு மேலோ, புன்செய் 10 ஏக்கருக்கு மேலோ இருக்கக் கூடாது. வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. வருமான வரி கட்டுகிறவர், அரசு ஊழியர், கார் வைத்திருப்பவர் வீடுகளுக்குக் கிடையாது. இத்தனை நுணுக்கமாக எழுதியவர்கள் கைபேசியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மறந்துபோய் விட்டிருக்க மாட்டார்கள். விண்ணப்பம் தள்ளுபடியான தகவலையே 2023இல் அரசு குறுஞ்செய்தியில்தானே அனுப்பியது? அதற்குப் பட்டன் போன் போதாதா என்பீர்கள். பிள்ளையின் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போதாது. போகட்டும், பாட்டுக் கேட்கவும் சீரியல் பார்க்கவும்தான் அந்த போன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் விதியில் தடை இல்லை.

உங்கள் கேள்விக்குப் பின்னால் வெளியே நடப்பதை மேடையிலிருந்து நீங்கள் பார்க்க முடியாது. வாசலில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும். மனுவோடு வருகிற பெண்களில் பலர் எங்கள் பக்கத்துச் சுவரோரமாக ஒதுங்கி நின்று கம்மலைக் கழற்றுவார்கள். கவரிங் கம்மலைக்கூட. வளையலை உருவி மஞ்சள் பைக்குள் போட்டுக்கொள்வார்கள். நல்ல புடவை கட்டி வந்தவரைப் பார்த்து, கூட வந்த அக்கா, "கல்யாணத்துக்கா வந்திருக்க?" என்று திட்டுவார். பிள்ளைக்குக் காலில் புதுச் செருப்பு இருந்தால் அது வெளியிலேயே தங்கிவிடும். இவர்கள் பொய் சொல்ல வந்தவர்கள் இல்லை. பெரும்பாலானவர்கள் விதிப்படி தகுதி உள்ளவர்கள்தான். இருந்தும், ஏழையாக இருந்தால் போதாது, ஏழையைப் போலத் தெரியவும் வேண்டும் என்பதை அவர்கள் எங்கோ ஒரு கவுன்டரில் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். போனுக்குச் சிரித்த அன்றைக்கு உங்கள் கூடத்திலும் அந்தப் பாடம் ஒருமுறை நடந்தது. நாற்பது வயதுப் பெண் அரசாங்கத்தின் முன்னால் நிற்பதற்கு வேஷம் கட்ட வேண்டியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது. அதுவும் அரசுக் கருவூலத்துப் பணம்தான். அதில் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வந்தேன்; பேத்திக்குச் சைக்கிள் வாங்கினேன்; படிக்காமல் அடுக்கி வைத்திருக்கிற புத்தகங்களுக்கும் கொஞ்சம் போகிறது. இதுவரை ஒரு அதிகாரியும் கணக்குக் கேட்டதில்லை. ஆண்டுக்கொருமுறை உயிரோடு இருக்கிறேனா என்று மட்டும் பார்ப்பார்கள். "நீங்கள் உழைத்துச் சம்பாதித்தது" என்று உங்களுக்குச் சொல்லத் தோன்றலாம். உரிமைத் தொகையை அறிவித்தபோது சொல்லப்பட்ட நோக்கமும் அதுதானே? சோறாக்கி, தண்ணீர் பிடித்து, கிழவர்களைப் பார்த்து, பிள்ளைகளை வளர்த்து, எந்தக் கணக்கிலும் ஏறாமல் போகிற உழைப்புக்கு ஒரு சிறு அங்கீகாரம் என்றுதான் சொன்னார்கள்.

2016 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு உள்ள எல்லோருக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். மூன்று ஏசி ஓடுகிற பங்களாவுக்கும் உண்டு. அந்த வீட்டு வாசலில் போய், "ஏசி வச்சிருக்கீங்களே, உங்களுக்கு எதுக்கு?" என்று மின்வாரியம் கேட்கிறதா? வீட்டுக்கடன் வட்டிக்கு வருமான வரியில் விலக்குப் பெறுகிறவரிடம், மிச்சமான வரியில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்கும் படிவம் உண்டா? உங்கள் அலுவலகத்திலேயே தீபாவளிக்குப் பண்டிகை முன்பணம் வாங்கிப் பட்டெடுக்கிறவர்கள் எத்தனை பேர்! அதை முன்பணம் என்கிறோம். எதிரே மனுவோடு நிற்பவர் எடுக்கிற ஒரு புடவை மட்டும் நமக்கு ஊதாரித்தனமாகத் தெரிகிறது.

உங்களை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. இது ஊர்ப் பேச்சு. டீக்கடையில், கல்யாணப் பந்தியில், நான் வேலை பார்த்த பள்ளியின் ஆசிரியர் அறையிலும் இதே பேச்சுத்தான். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்தபோது "ஓசி" என்ற வார்த்தை எத்தனை வாய்களில் புரண்டது! மாநிலத் திட்டக்குழு ஆய்வு செய்து, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று சொன்ன பிறகும் பேச்சு ஓயவில்லை. 2006க்குப் பிறகு வண்ணத் தொலைக்காட்சிகள் கொடுத்தபோதும் சோற்றுக்கு இல்லாதவனுக்கு டிவி எதற்கு என்றார்கள். அந்த நேரத்தில் ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளியலாளர்கள் தமிழ்நாடு உட்பட இந்தியாவின் சில மாநிலங்களில் கேபிள் டிவி வந்த கிராமங்களை ஆராய்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கேபிள் வந்த பிறகு, புருஷன் அடிப்பது சரிதான் என்று சொல்கிற பெண்களின் அளவு குறைந்திருந்தது. ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற எண்ணமும் தளர்ந்திருந்தது. வீண் செலவென்று நாம் தள்ளிவைத்த பெட்டிக்குள் என்ன இருந்தது என்று நமக்கே தெரிந்திருக்கவில்லை.

எல்லாவற்றையும்விடச் சத்தமாகச் சொல்லப்படுவது டாஸ்மாக் வாதம். "இந்தக் கையில வாங்கி அந்தக் கையில குடுத்துடுவாங்க" என்பார்கள். சில வீடுகளில் நடக்கிறது, மறைக்க மாட்டேன். தொகை வரும் 15ஆம் தேதி மனைவியின் ஏடிஎம் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு போகிற புருஷனைப் பற்றியும் நான் மனு எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த மதுக்கடையை நடத்துவது யார்? 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசு நிறுவனத்தின் கையில்தான். 2023-24இல் மதுவிலிருந்து அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அதற்கு அடுத்த ஆண்டு உரிமைத் தொகைக்கு ஒதுக்கியது 13,720 கோடி. ஒரு கையால் மூன்று பங்கு வாங்கிக்கொண்டு மறுகையால் ஒரு பங்கு கொடுக்கிறவர், வாங்குகிறவரைப் பார்த்துக் குடிக்காதே என்று புத்தி சொல்வதில் ஒரு கூச்சமாவது இருக்க வேண்டும்.

நான் பாடம் நடத்தியவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஏழைகள் கையில் காசு கொடுத்தால் குடித்துத் தீர்ப்பார்களா என்று உலக வங்கியின் டேவிட் எவன்ஸும் அன்னா போபோவாவும் 2014இல் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்க நாடுகளின் ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். பணம் கிடைத்த வீடுகளில் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகிற செலவு கூடவில்லை. பல இடங்களில் குறைந்திருந்தது. காசு வந்தால் வேலைக்குப் போக மாட்டார்கள் என்ற பேச்சை அபிஜித் பானர்ஜியும் அவருடன் சேர்ந்தவர்களும் ஆறு நாடுகளின் ஏழு திட்டங்களை வைத்துச் சோதித்தார்கள். அதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆட்சிப் பணித் தேர்வுக்குப் படித்த உங்களுக்கு இதெல்லாம் புதிதாகவும் இருக்காது.

அந்த ஆயிரம் ரூபாய் எங்கே போகிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். மனு எழுதும்போது பேச்சுவாக்கில் சொல்வார்கள். எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிற அம்மா சொன்னது இது: மளிகைக் கடைப் பாக்கியில் பாதி, மகளிர் குழுத் தவணையில் குறைந்ததை நிரப்பியது, மாமியாருக்குக் கண் மருந்து, மீதியில் ஒரு காதுகுத்துக்கு மொய். மொய் என்று கேட்டதும், அங்கே நின்றிருந்த ஒருவர், "பாத்தீங்களா சார், கவர்மென்ட் காசுல மொய்யி" என்றார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நான் முதலில் வேலை பார்த்தது பேராவூரணிப் பக்கம். ஆடி மாதம் பிறந்தால் அங்கே மொய் விருந்துப் பந்தல்கள் வரிசையாக நிற்கும். கறிச்சோறு போட்டு, நோட்டுப் போட்டு எழுதுவார்கள். வைத்த மொய் திரும்பி வரும். கொஞ்சம் கூடுதலாகவே வரும். வங்கி கடன் தராத வீட்டுக்கு, மகள் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கை கொடுப்பது அந்த நோட்டுத்தான். இன்றைக்கு மொய் வைக்காதவருக்கு நாளைக்கு அவசரம் என்றால் யாரும் வர மாட்டார்கள். அந்த அம்மா செய்தது வீண் செலவு இல்லை, சேமிப்பு. பாஸ்புக்கில் ஏறாத சேமிப்பு.

சரி, பிரியாணி? பணம் வந்த அன்று பிரியாணிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போகிற பெண்களையும் பார்த்திருக்கிறேன். அதைக் குழந்தையின் புரதச் சத்து என்று வாதாட வரமாட்டேன். ஆசைக்கு வாங்கினார்கள். மாதம் முழுக்க ரேஷன் அரிசிச் சோறும் ரசமும் ஆக்கிப் போடுகிறவருக்கு ஒருநாள் யாரோ ஆக்கியதைத் தின்ன ஆசை வருவதில் நமக்கென்ன நஷ்டம்?

அரசுப் பணம் என்றால் யாரும் எதுவும் கேட்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். கார் வைத்திருப்பவர் வாங்கினால் நிறுத்துங்கள். வருமானத்தை மறைத்தவரைக் கண்டுபிடியுங்கள். அதற்குத்தான் போக்குவரத்துத் துறையின் பதிவும் வருமான வரி விவரமும் மின்வாரியக் கணக்கும் அரசின் கையில் இருக்கின்றன. தகுதி இருக்கிறதா என்று ஆவணத்தை வைத்துப் பாருங்கள். காதையும் காலையும் கையில் இருக்கிற போனையும் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். கண்ணால் அளந்தால், கம்மலைக் கழற்றத் தெரிந்தவர் தப்பித்துக்கொள்வார். கழற்றத் தெரியாதவர் மாட்டிக்கொள்வார்.

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் இந்தத் திட்டம் தொடங்கியபோது 1 கோடியே 6 லட்சம் பெண்கள் தேர்வானார்கள். விண்ணப்பித்து விடுபட்டவர்களும் ஐம்பது லட்சத்துக்கு மேல். தள்ளுபடியானவர் முப்பது நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட வழி. எந்த விதியின்படி தள்ளப்பட்டோம் என்றே தெரியாதவர் எதை வைத்து மேல்முறையீடு செய்வார்? என்னிடம் வருகிறவர்களின் போனில் இருப்பது "தகுதி இல்லை" என்ற அளவிலான ஒரு வரிதான். எந்த நிபந்தனை, எந்த ஆவணம், எந்தத் துறையின் பதிவு என்று தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க உங்கள் அலுவலகத்தால் முடியும். மனு வாங்கும் மேசையில் இருப்பவர்கள் படிவத்தில் உள்ளதைத் தவிர வேறு எதையும் கேட்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை விடவும் முடியும். அதற்குச் சென்னையின் அனுமதி தேவைப்படாது.

இன்னொன்று. இந்த ஆயிரம் ரூபாய் யாரிடமாவது வீணாகப் போயிருக்கிறது என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் வங்கி. முதல் மாதத் தொகை வந்தபோதே, குறைந்தபட்ச இருப்பு இல்லை, சேவைக் கட்டணம், பழைய கடன் பாக்கி என்று சில வங்கிகள் பிடித்துக்கொண்டன. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று அன்றைய நிதியமைச்சரே எச்சரிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் என்னிடம் வருகிற பாஸ்புக்குகளில் 15ஆம் தேதி ஆயிரம் வரவு, அதற்கு அடுத்த வரியிலேயே பிடித்தம் என்று பார்க்கிறேன். அந்தப் பெண்கள் செலவழிப்பதற்கு முன்பே செலவாகிப்போன பணம் இது.

மாவட்ட வங்கியாளர் கூட்டத்துக்கு நீங்கள்தான் தலைவர். அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு கிளை மேலாளரிடமும் கேளுங்கள்: உரிமைத் தொகை வருகிற கணக்குகளிலிருந்து இந்த ஆண்டு எவ்வளவு பிடித்தீர்கள், எதற்காகப் பிடித்தீர்கள் என்று. கணக்குக் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

இப்படிக்கு,
ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியர்