ஒப்பிட்டுப் பார்ப்பது சந்தேகப்படுவது ஆகாது

இன்றைக்குக் கொஞ்சம் இயற்பியல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2000 டிகிரியில் கனலும் பொருளின் வெப்பநிலையை, அது வீசும் ஒளியை வைத்துத்தான் பெரும்பாலும் அளக்கிறோம். 1990-ஆம் ஆண்டின் சர்வதேச அளவுகோல்படி, வெள்ளி (961.78 டிகிரி செல்சியஸ்), தங்கம் (1064.18), செம்பு (1084.62) ஆகியவற்றில் ஒன்றின் உறைநிலையை ஆதாரமாக வைத்து, அதற்கு மேலே பிளாங்க் விதியைக் கொண்டு கணக்கிட வேண்டும். அடியில் செய்யும் சிறு பிழை மேலே போகப்போக வளரும். செம்பின் உறைநிலையில் கால் டிகிரி தவறினால், 2474 டிகிரியில் அது ஏறக்குறைய ஒரு டிகிரி ஆகிவிடும்.

ஒவ்வொரு நாட்டு ஆய்வகமும் "என் அளவு சரி" என்று சொன்னால் போதுமா? போதாது. அதனால்தான் ஒரே டங்ஸ்டன் விளக்கை நாடு நாடாக அனுப்பி அளந்து பார்க்கிறார்கள். பயணத்தில் விளக்கே மாறிவிட்டதா என்று அறிய, திரும்பி வந்ததும் மறுபடி அளக்கிறார்கள். முடிவுகள் அந்தந்த ஆய்வகத்தின் பெயரோடு வெளியாகின்றன. விலகியவர் பெயரும் மறைக்கப்படுவதில்லை.

விளக்கைவிட உறுதியான வழியும் வந்திருக்கிறது. மிக உயர்ந்த சூட்டில் கிராஃபைட் குடுவையின் கார்பன் உலோகத்தில் கலந்து உருகுநிலையை மாற்றிவிடும். ஜப்பானின் யோஷிரோ யமாடா குழுவினர் 1999-இல், கார்பனை முதலிலேயே சேர்த்த கலவையை முன்வைத்தார்கள். அப்படிச் சேர்த்தால் குடுவை கெடுக்க ஒன்றுமில்லை. கோபால்ட்-கார்பன் 1324 டிகிரியிலும், பிளாட்டினம்-கார்பன் 1738 டிகிரியிலும், ரீனியம்-கார்பன் 2474 டிகிரியிலும் உருகுகின்றன.

இதற்கெல்லாம் இவ்வளவு செலவும் காலமும் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. தேவை என்பதே என் கருத்து. பொதுத்தேர்வு விடைத்தாளை இரண்டாவது ஆசிரியர் பார்ப்பது முதலாமவரை அவமதிப்பதற்கா? மாணவனுக்கு நியாயம் கிடைக்கத்தானே! இங்கே அந்த மாணவன், எஃகு ஆலையில் தயாராகும் பொருளை நம்பி வாங்குபவன்.

ஆலைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பைரோமீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். அதைக் கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் செய்தார்கள், அந்தச் சங்கிலி புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் போன்ற ஒரு தேசிய ஆய்வகம் வரை போகிறதா என்று கேளுங்கள். கேட்டால் யாராவது முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும், நீங்கள் கேளுங்கள்.

ஆசிகளுடன்,
உங்கள் ஆசிரியர்