நம் துண்டு இனி நம் கையில்

மலையக உறவுகளே,

நம் முப்பாட்டன்மார் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் கையில் 'துண்டு' இருக்க வேண்டும். இவருக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் கூட்டிப் போகலாம் என்று எழுதிய காகிதம் அது. சுமந்தவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. 1921இல் அந்த முறையைச் சட்டம் ஒழித்தது. 1948இல் வேறு சட்டம் வந்து, தகப்பன் இந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டது. காட்டத் தாள் இல்லாமல் லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானோம்.

இவ்வளவும் பட்ட நாம், இன்று ஹட்டன் டவுனில் கொமினிகேஷன் கடைக்குப் போனால் அடையாள அட்டையை யோசிக்காமல் நீட்டுகிறோம். அஸ்வெசும உதவிப்பணம், பாஸ்போர்ட், வெளிநாட்டு வேலை என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கம்பியூட்டர்தான். எங்களில் ஒருத்தி பிரிண்ட் எடுக்கப் போன இடத்தில், தன் லயத்து அக்காவின் அடையாள அட்டையும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் திரையில் திறந்து கிடக்கக் கண்டாள். கடைக்காரத் தம்பி கெட்டவரல்ல. வேலை முடிந்ததும் அழிக்க வேண்டுமென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, கேட்டு அழிக்க வைக்க நமக்கும் தெரியவில்லை. இந்த இயக்கம் அன்று மாலை அந்த லயத்து வாசலில்தான் தொடங்கியது.

போன் உடைந்தால் பாஸ்வேர்டையும் துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். வங்கியிலிருந்து இங்கிலீஷில் மெசேஜ் வந்தால் வாசித்துச் சொல்ல ஆள் தேடுகிறோம். அதிலுள்ள இரகசிய இலக்கம் அந்த ஆளின் கண்ணில் பட்டுவிடுகிறது. பாமினி எழுத்துருவில் அடித்த கடிதம் வேறு கம்பியூட்டரில் இங்கிலீஷ் எழுத்துகளாகச் சிதறித் திறந்தால், மெஷின் பழுதென்று நம்பிக் காசு கொடுக்கிறோம். அங்கே அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். யூனிகோடில் அடித்திருந்தால் தமிழாகவே திறந்திருக்கும். 'எனக்கு இதெல்லாம் தெரியாது' என்று தலைகுனியும் வெட்கத்தில்தான் நம் காசும் போகிறது, மானமும் போகிறது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம்மைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கவும், பிழையைத் திருத்தவும், அழிக்கச் சொல்லவும் உரிமை உண்டென்கிறது. அது லயத்துக்கு ஏறி வர நாளாகும். நாங்கள் காத்திருக்கப் போவதில்லை.

ஞாயிறு தோறும் பிள்ளைக்காம்பராவிலோ கோயில் மண்டபத்திலோ உட்காருவோம். போனையும் கம்பியூட்டரையும் சொந்தக்காரர் கண்முன்னேதான் திறப்போம். பெண்களின் போனைப் பெண்களே பார்ப்பார்கள். அதற்காக முதலில் கொழுந்தெடுக்கும் அக்காமாருக்கும் பள்ளிக்கூடத் தங்கச்சிமாருக்கும் பழக்குவோம். வட்ஸ்அப் வேறு எந்த மெஷினில் திறந்து கிடக்கிறது என்று பார்த்து மூடுவதுதான் முதல் பாடம். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொஃப்ட் கைவிட்ட விண்டோஸ் 10 கம்பியூட்டர்களைக் கழித்துப்போட விடாமல், லினக்ஸ் ஏற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். கொமினிகேஷன் தம்பிமாரோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அவர்களும் நம் பிள்ளைகள், அவர்களையும் கூப்பிடுகிறோம்.

எந்தச் சங்கத்துக்கும் கட்சிக்கும் எங்களிடமிருந்து பெயர்ப் பட்டியல் போகாது, ஏனென்றால் பட்டியலே வைக்க மாட்டோம். இந்தப் பிரகடனத்தின் அடியிலும் கையொப்பங்கள் இல்லை. சேர நினைப்பவர் அட்டை நம்பரோ போன் நம்பரோ தர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்து பக்கத்தில் உட்காருங்கள்.