ட்ரம் ஆற்ற கையில இருக்கு?

போன கிழமை கன்ரீனில ஒரு வாக்குவாதம். பாடசாலை விளையாட்டுப் போட்டிகளில் முன்னால் வருமே பாண்ட் வாத்தியம், அதைப் பற்றித்தான். "அது வெள்ளைக்காரன்ர ஆமி விட்டிட்டுப் போனது. சின்னப் பிள்ளையளுக்கு லெஃப்ட் ரைட் பழக்க ஏன் இன்னும் வைச்சிருக்கிறம்? தூக்கி எறியவேணும்" எண்டார் எங்களில் ஒருவர். எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. சப்பாத்துச் சத்தம் ஒரே தாளத்தில் கேட்டாலே வயிறு கலங்குகிற வீடுகளில் இருந்து வந்தவர்கள்தானே நாங்கள். பிறகு இருந்து கொஞ்சம் வாசித்தோம்.

அவர் சொன்னதில் பாதி சரி. 15 ஆம் நூற்றாண்டில் சுவிஸ் காலாட்படை நீண்ட ஈட்டிகளோடு அணிவகுத்தபோது, நடைக்குத் தாளம் கொடுத்தவை ட்ரம்மும் 'ஃபைஃப்' எனும் சின்னக் குறுக்குக் குழலும். பிறகு ஐரோப்பியப் படைகள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டன. காரணம் எளிது: துப்பாக்கிப் புகைக்கும் சத்தத்துக்கும் நடுவில் அதிகாரியின் குரல் கேட்காது, ட்ரம் கேட்கும். எழும்பு, நட, திரும்பு, படு எல்லாமே ட்ரம்மின் கட்டளை. 'டாட்டூ' என்று இராணுவ இசைக் காட்சிகளைச் சொல்கிறார்களே, அந்தப் பெயர்கூட இரவில் மதுக்குழாயைப் பூட்டச் சொல்லும் டச்சுச் சொல்லில் இருந்து வந்ததுதான். பிரித்தானியப் படையில் சிப்பாய்களுக்குக் கசையடி கொடுக்கும் வேலையும் ட்ரம் அடிப்பவர்களுடையதாக இருந்தது. தாளம் போட்ட அதே கை.

மற்றப் பாதி அமெரிக்காவில் இருக்கிறது. 1739 இல் தென் கரோலைனாவின் ஸ்டோனோவில் அடிமைகள் ட்ரம் அடித்துக்கொண்டு கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த வருடமே அங்கு அடிமைகள் ட்ரம் வைத்திருப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஆனால் அதே நூற்றாண்டில் வர்ஜீனியாவில், சுதந்திரமான கறுப்பின ஆண்களை ஊர்ப்படையில் ட்ரம் அடிக்கச் சேர்த்தார்கள். ஆயுதம் மட்டும் கையில் கொடுக்கவில்லை. வெள்ளையருக்காக அடித்தால் சரி, தங்களுக்காக அடித்தால் குற்றம்!

ஆனாலும் அவர்கள் தங்களுக்காக அடித்தார்கள். வடக்கு மிசிசிப்பியில் கறுப்பின விவசாயிகள் ஃபைஃப், ட்ரம் இசையைத் தங்கள் கோடைக்கால ஒன்றுகூடல்களுக்குக் கொண்டுபோனார்கள். 1942 இல் அலன் லோமாக்ஸ் அங்கு போய் சிட் ஹெம்பில் குழுவை ஒலிப்பதிவு செய்தார். அந்த வழியில் பெயர் பெற்றவர் ஓதா டர்னர். மூங்கில் போன்ற நாணல் தண்டில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை போட்டு, தன் ஃபைஃபைத் தானே செய்த விவசாயி. ஆட்டிறைச்சி சுட்டு, ஊரைக் கூப்பிட்டு, ட்ரம் பின்னால் வர ஊதிக்கொண்டு போவார். சனம் ஆடும். ட்ரம்கள் இராணுவ ட்ரம்கள்தான், ஆனால் இடுப்பு வேறு கதை சொல்லும். 2003 இல் அவர் இறந்த பிறகு, அவரிடம் சிறுமியாகப் பழகிய பேத்தி ஷார்டே தோமஸ் அந்தக் குழுவை நடத்துகிறார்.

ஆகவே தூக்கி எறியவேணும் என்பதை நாங்கள் ஏற்கவில்லை. அதற்காக "இசை தானே, விடுங்கோ" எண்டு கடந்துபோகவும் ஏலாது. ட்ரம் தானாகத் திருந்தவில்லை, மிசிசிப்பிக்காரர் மாற்றினார்கள். எங்கட பாடசாலைகளில் அந்த மாற்றம் இன்னும் நடக்கவில்லை. அதே மார்ச், அதே சல்யூட், வெயிலில் மயங்கி விழும்வரை அதே பயிற்சி.

நாங்கள் கேட்பது பெரிசா ஒண்டுமில்லை. பாண்டில் நிற்கும் பிள்ளைக்கு, தன் கழுத்தில் தொங்கும் ட்ரம் எங்கிருந்து வந்தது எண்டு யாராவது சொல்லவேணும். வருடத்தில் ஒரு நாளாவது என்ன வாசிப்பது எண்டு பிள்ளைகளே முடிவு செய்யவேணும். அண்டைக்கு வரிசை கொஞ்சம் கலைஞ்சால் கலையட்டும். பார்க்க வந்த அம்மாமாரும் எழும்பி ஆடினால் இன்னும் நல்லம்.