மாட்யூல் வாங்கி மாட்டினால் புராஜெக்ட் ஆகிவிடுமா?



இறுதியாண்டு புராஜெக்ட் என்றதும் நம்மில் பலர் செய்வது என்ன? கடையில் ஜி.பி.எஸ். மாட்யூல் வாங்கி, மைக்ரோகன்ட்ரோலரோடு நாலு வயரை இணைத்து, எல்.சி.டி.யில் அட்சரேகை, தீர்க்கரேகை வந்ததும் "முடிஞ்சுது சார்!" என்பதுதான். வைவாவில் "உள்ளே என்னப்பா நடக்குது?" என்று கேட்டால் விட்டத்தைப் பார்ப்பார்கள். பதிலும் மேலேதான் இருக்கிறது, ஆனால் 20,200 கிலோமீட்டர் உயரத்தில்!

அங்கிருந்து வரும் சிக்னல், ரிசீவரின் இரைச்சலைவிடப் பல பத்து மடங்கு பலவீனமானது. ஆம்ப்ளிஃபையர் போட்டால் இரைச்சலும் கூடவே பெருகும். பிறகு எப்படிப் பிடிக்கிறார்கள்? ஒவ்வொரு ஜி.பி.எஸ். செயற்கைக்கோளும் 1023 பிட் கொண்ட தனிக் குறியீட்டை மில்லி செகண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. ரிசீவர் அதே குறியீட்டைத் தானும் உருவாக்கி, நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்க்கிறது. பொருந்தும் இடத்தில் 1023-ம் ஒன்றுகூடிச் சிக்னல் தலைதூக்கும். எவ்வளவு நகர்த்தினோம் என்பதிலிருந்து காலதாமதம், அதிலிருந்து தூரம். அவ்வளவுதாங்க சூட்சுமம்!

இதைக் கற்க லட்ச ரூபாய்க் கருவி வேண்டாம். இரண்டு 10 நிலை ஷிப்ட் ரெஜிஸ்டர், எட்டு எக்ஸ்-ஆர் கேட் போதும். அதாவது 7474 ஐ.சி. பத்து, 7486 இரண்டு. எல்லா ஃபிளிப்-ஃபிளாப்பிலும் 1 வைத்துக் கிளாக்கை மெதுவாக ஓட்டுங்கள். 1-ம் எண் குறியீட்டின் முதல் பத்து பிட் 1100100000 என்று எல்.இ.டி.யில் வர வேண்டும். பக்கத்து பேட்ச் இன்னொன்று செய்யட்டும். இரண்டையும் ஒப்பிட்டு, ஒத்த பிட்டுகளிலிருந்து ஒவ்வாதவற்றைக் கழியுங்கள். சரியாகப் பொருந்தினால் 1023. ஒரு பிட் தள்ளினாலும் 65-ஐத் தாண்டாது.

"இதெல்லாம் பி.இ. பாடம், நமக்கெதுக்கு?" என்பார்கள் சிலர். இந்தக் குறியீடு ஊரறிந்த ரகசியம். அதனால்தான் போலி சிக்னல் அனுப்பிக் கப்பலையும் விமானத்தையும் ஏமாற்ற முடிகிறது. போலியைக் கண்டுபிடிக்க உள்ளே நடப்பது தெரிந்த ஆள் வேண்டும். 2023 மே மாதம் ஏவப்பட்ட நம் நாட்டின் என்.வி.எஸ்-01 செயற்கைக்கோளில் உள்நாட்டிலேயே செய்த ரூபிடியம் அணுக்கடிகாரம் இருக்கிறது. வானத்தில் நம் கடிகாரம். கீழே பிரித்துப் பார்க்கத் தெரியாத டிப்ளமாக்காரரா?

மாட்யூல் வாங்குவது தப்பில்லை. அதோடு நின்றுவிடுவதுதான் தப்பு. ஆசிரியப் பெருமக்களே, இந்த ஒரு சோதனையை டிஜிட்டல் லேபில் சேர்த்துவிடுங்கள். வாங்கத் தெரிந்தவன் வாடிக்கையாளன். செய்யத் தெரிந்தவன்தான் டெக்னீஷியன்!